அத்தையின் உலையில் மெக்னீசியம்

என் மாமியாரிடம் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னால் என் தோழிகள் நம்புவதில்லை. நம்பியவர்கள், அந்த வேலைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. லேசர் கருவிகளுக்கு வேண்டிய படிகங்களை வளர்க்கும் ஒரு தொழிற்கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் வேலை பார்க்கிறோம். அத்தை உலையில் படிகம் வளர்க்கிறார். அவர் பெற்ற பிள்ளை, அதாவது என் கணவர், அதை அறுத்து மெருகு போடுகிறார். நான் அந்தத் துண்டுகளுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்து, எங்கே என்ன குறை என்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு இதுதான் வேலை. மெருகு போடுகிறவரைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டேன்; உலைக்காரம்மா இலவச இணைப்பாக வந்து சேர்ந்தார்.

மற்ற வீடுகளில் மருமகள் செய்வதையெல்லாம் மாமியார் உற்றுப் பார்ப்பார். எங்கள் வீட்டில் தலைகீழ். அவர் நாள் கணக்கில் பாடுபட்டு வளர்த்ததை நான் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, வலது ஓரத்துல ஒரு கோடு ஓடுது" என்பேன். அதற்கு அவர் அங்கே பதில் பேச மாட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடிப்பார். கணக்கு நேராகிவிடும்.

உலை அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஓடக் கூடாது, கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது, உலையின் மேல் சாயக் கூடாது. அறையின் நடுவில் ஆளுயர உலை. அதற்குள் ஒரு பிளாட்டினப் பாத்திரம். பாத்திரத்துக்குள் லித்தியமும் நியோபியமும் சேர்ந்த வெள்ளைப் பொடி உருகித் தளதளவென்று நிற்கும். மேலேயிருந்து ஒரு மெல்லிய விதைப் படிகத்தை இறக்கி, அந்த உருகலின் மேற்பரப்பைத் தொடவிட்டு, சுழற்றிக்கொண்டே மெதுவாகத் தூக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தவர்கள் இதையும் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். விதையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போன்ற ஒரு கல் தடித்து, நீண்டு, வெளியே வரும். அந்த நாட்களில் அத்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உலையின் சின்ன ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருப்பார். வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் திரும்பிப் பார்க்காத மனுஷி அவர்.

சுத்தம் என்றால் அவருக்கு உயிர். பொடிக்குப் பக்கத்தில் இரும்புக் கரண்டி வரக் கூடாது. வளையல் போட்ட கை பாத்திரத்துக்கு மேலே நீளக் கூடாது. "என் கல்லுல வேத்துப் பொருள் ஒரு பொட்டுகூட இருக்காது" என்று பார்க்க வருகிறவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அது உண்மைதான். நானே பல தடவை சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சுத்தம் வேறு, குறையில்லாமல் இருப்பது வேறு. வம்பு அங்கேதான் வந்தது.

கண் அறுவைச் சிகிச்சைக்கான லேசர் கருவி செய்யும் ஒரு வாடிக்கையாளர் எங்கள் படிகங்களைத் திருப்பி அனுப்பினார். கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது, அப்படித் தெளிந்த கல். ஆனால் பலமான பச்சை லேசரை உள்ளே விட்டால், முதலில் ஒழுங்காக வட்டமாக வந்துகொண்டிருந்த ஒளி, சற்று நேரத்தில் ஒரு பக்கமாக இழுபட்டு, ஈரத்துணியில் பட்ட மைபோல் விரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒளியை வைத்துக்கொண்டு யார் கண்ணைத் தொட முடியும்?

மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ப்போம்'. சம்பள உயர்வு கேட்டாலும், புதிய மின்விசிறி கேட்டாலும், "சரி, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

"மேடம், இன்னும் ஒரே ஒரு கல்லு வளருங்க," என்றார் அத்தையிடம். "அதுவும் இப்படித்தான்னா உலையை அணைச்சுடுவோம். வளந்த கல்லை வெளியில வாங்கி, இங்க மெருகு மட்டும் போட்டுக்கலாம். உங்களுக்கு ஸ்டோர்ல ஒரு மேஜை போட்டுத் தரேன். ஃபேன் காத்துல நிம்மதியா உக்காரலாம்."

அத்தை எழுந்து நேராக உலை அறைக்குப் போனார். போனவர் கதவைப் படாரென்று சாத்தினார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அவரை எவ்வளவு கேலி செய்தாலும், உலை இல்லாத அத்தையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. கணவரை இழந்து, பிள்ளையைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தது அந்த அறைதான். இதில் என் சுயநலமும் கொஞ்சம் உண்டு. உலையின் வெப்பத்தை ஒரு புள்ளி பிசகாமல் கண்காணிக்கும் அந்தக் கண்கள் முழுநேரமும் என் சமையலறையைக் கண்காணிக்க ஆரம்பித்தால் நான் எங்கே போவேன்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன்.

"அத்தை, மெக்னீசியம் போட்டுப் பாக்கலாமா?"

"எதுல?"

"உலையில. ஆக்சைடாத்தான், பொடியோட கலந்து."

அத்தை கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அழுக்கையா?"

"அழுக்கு இல்லத்தை. வேணும்னே சேக்கறது."

"வேணும்னே சேத்தா அழுக்கு அழுக்கில்லாம போயிடுமா? இத்தனை வருஷமா ஒரு தூசி விழாம காப்பாத்தி வெச்சிருக்கேன். இப்ப கரண்டி கரண்டியா அள்ளிப் போடச் சொல்றா உன் பொண்டாட்டி." கடைசி வாக்கியம் என் கணவருக்கு. கோபம் வந்தால் நான் அவருக்கு மருமகள் அல்ல, அவர் மகனின் பொண்டாட்டி. இருதலைக்கொள்ளி எறும்பாகிப்போன என் கணவர் தண்ணீர் குடித்தார். தாகம் எடுத்துக் குடித்தது அல்ல.

நான் விடவில்லை. "கேளுங்கத்தை. ஒரு விருந்து நடக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு நாற்காலியும் இன்னாருக்குன்னு ஒதுக்கியிருக்கு. லித்தியம் வீட்டுக்காரங்க எப்பவுமே கொஞ்ச பேர் வராம நின்னுடறாங்க. காலி நாற்காலிய பாத்துட்டு நியோபியம் போய் உக்காந்துடுது. அது அதோட இடமே இல்ல. உக்காந்ததோட சும்மாவும் இருக்கறதில்ல. போற வர்ற எலக்ட்ரானையெல்லாம் கையப் பிடிச்சு இழுத்து வெச்சுக்குது. பச்சை வெளிச்சம் பலமா உள்ள வந்தா, அந்த எலக்ட்ரானெல்லாம் பிச்சுக்கிட்டு ஓடி வேற எங்கயோ போய் ஒண்டிக்குது. வெளிச்சம் போற பாதையே கோணிப்போகுது."

"நான் ஒழுங்காத்தானே வளத்தேன்?"

"உங்க வளர்ப்புல ஒரு குறையும் இல்ல. அந்த உருகலோட பிறவிக் குணமே அதுதான்."

"அப்ப மெக்னீசியம் வந்தா?" என்றார் என் கணவர். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. அதோடு, யார் பக்கமும் சேராமல் கேட்கக்கூடிய கேள்வியும் அது ஒன்றுதான்.

"லித்தியத்தோட நாற்காலியில அது பொருத்தமா உக்காரும். நியோபியத்தை எழுப்பி அதோட சொந்த இடத்துக்கு அனுப்பிடும். ஆனா ஒருத்தர் ரெண்டு பேர் வந்தா போதாது. தப்பா உக்காந்திருக்கற அத்தனை பேரையும் எழுப்பற அளவுக்கு வரணும். நூத்துக்கு அஞ்சுக்குப் பக்கத்துல ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டினாத்தான் பலன். தாண்டலைன்னா போட்டதும் வீண்."

அத்தை தட்டில் வைத்த கவளத்தை எடுத்து மென்று முடித்தார். பிறகு, "வெளியிலேர்ந்து வர்ற ஒண்ணு, ஏற்கெனவே உக்காந்திருக்கறவங்களை எழுப்பிட்டு அந்த இடத்துல தான் உக்காந்துக்கும். அதுக்குப் பேரு வைத்தியமா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பேச்சை எப்படி எடுப்பது என்ற யோசனையில் நான் வந்து உட்கார்ந்திருந்தது அவருடைய நாற்காலி. என் கணவருக்குப் புரையேறியது.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் வந்து நின்றார். "எவ்வளவு போடணும்?"

வாயில் நுரையோடு, "நூத்துக்கு அஞ்சரைப் பங்கு," என்றேன்.

"அவ்வளவா!"

"அவ்வளவும் வேணும்."

"சரி. ஆனா நான்தான் நிறுப்பேன். நீ வந்து தலைமாட்டுல நிக்காதே, எனக்குக் கை நடுங்கும்."

அவர் கை நடுங்கி இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டதே பெரிய காரியம் என்று நானும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

படிகம் வளர்ந்த நாட்களில் வீடு அமைதியாக இருந்தது. அத்தை வீட்டுக்குக் குளிக்கவும் தூங்கவும் மட்டும் வந்தார். துணிகள் நான் மடித்தபடியே கிடந்தன. எனக்கு அது நன்றாகவே இல்லை. உலை மெல்ல மெல்ல ஆறி, கல் வெளியே வந்த அன்று நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம். ஒரு சாண் நீளம். கைப்பிடிக்குள் அடங்காத தடிமன். உள்ளே ஒரு குமிழி இல்லை, ஒரு விரிசல் இல்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்கைப் போட்டும் பாரு, என் கை ராசி," என்றார். புகழ் மெக்னீசியத்துக்குப் போய்விடக் கூடாதல்லவா!

மேலாளர் பார்ப்போம் இரண்டு நாள் கழித்து மாலையில் வந்து சோதனையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் என் கணவர் இரண்டு துண்டுகள் அறுத்து மெருகு போட்டுக் கொடுத்தார். ஒன்று விதைக்குப் பக்கத்தில் முதலில் வளர்ந்த தலைப் பகுதி. மற்றது கடைசியில் வளர்ந்த வால் பகுதி.

லேசரைப் போடுவதற்கு முன்னால் நான் வேறொன்றைப் பார்ப்பது வழக்கம். காற்றிலிருக்கும் ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன், அத்தையின் அத்தனை சட்டங்களையும் மீறி, படிகத்துக்குள் எப்படியாவது நுழைந்துவிடும். அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் திரையில் அதன் கோடு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தெரியும். மெக்னீசியம் எல்லையைத் தாண்டியிருந்தால் அந்தக் கோடு வேறு இடத்துக்குக் குடிபோய்விடும். தாண்டவில்லை என்றால் பழைய வீட்டிலேயே இருக்கும்.

தலைத் துண்டை வைத்தேன். கோடு குடிபோயிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பச்சை லேசரைப் போட்டேன். எதிர்ச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் விழுந்தது. நான் ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும் வரை அந்த வட்டம் அப்படியே இருந்தது. என் கணவர் கைதட்டினார்.

பிறகு வால் துண்டை வைத்தேன். கோடு பழைய இடத்தில் சட்டமாக நின்றுகொண்டிருந்தது. ஏதோ தவறு என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். லேசரைப் போட்டேன். முதலில் வட்டம் வந்தது. டீ டம்ளரைக் கழுவி வைக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் வட்டம் இழுபட்டு விரிந்திருந்தது.

மெக்னீசியம் தலைப் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாக ஏறும், போகப் போகக் குறையும். வால் வரைக்கும் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றுதான் ஐந்தரை என்று சொல்லியிருந்தேன். வாலில் தாண்டவில்லை என்றால் உலைக்குள் ஐந்தரை போகவில்லை. போட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார் என் கணவர். அவரே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வால் துண்டை எடுத்துத் துணியில் சுற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தலையை மட்டும் காட்டு. அவர் ஒரு துண்டைத்தான் பாப்பார். அடுத்த கல்லுல அம்மாகிட்ட சொல்லிச் சரி பண்ணிக்கலாம்."

அதைக் கேட்டதும் உடனே 'முடியாது' என்று சொன்னேனா? இல்லை. யோசித்தேன். ஸ்டோரில், மின்விசிறிக்குக் கீழே, பெட்டிகளுக்கு நடுவில் அத்தை உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்தது. ஆனால் இந்தக் கல்லை நறுக்கினால் வால் பக்கமும் துண்டுகளாகி ஒரு கருவிக்குள் போகும். அந்தக் கருவிக்கு எதிரே யாரோ ஒருவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தார். "என்ன ஆச்சு?"

"தலை அருமையா இருக்கு அத்தை. எல்லையத் தாண்டிடுச்சு. வட்டம் அசையவே இல்ல."

"வாலு?"

நான் மேஜையைத் துடைத்தேன். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

"கேக்கறேன்ல? வாலு?"

என் கணவர் ஜன்னல் வழியாக எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"என் கல்லப் பத்தி நீ பேசாம நின்னு நான் பாத்ததே இல்ல," என்றார் அத்தை. "நீயே வாயத் தொறக்கலைன்னா அது பெரிய குறைதான்." என் கணவரிடம் போய்க் கையை நீட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதை எங்கே ஒளிப்பான் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

நானே லேசரைப் போட்டுக் காட்டினேன். வட்டம் விரிந்து இழுபடுவதை அத்தை கடைசி வரை பார்த்தார்.

"அத்தை, அஞ்சரை போட்டீங்களா?"

முக்காலியில் உட்கார்ந்தார். "அஞ்சு."

"ஏன்?"

"தராசுல வெள்ளையா குமிஞ்சு கெடந்துச்சு. அத்தனையையும் என் கையால உள்ள கொட்ட மனசு வரல. அரைப் பங்க வழிச்சு எடுத்துட்டேன். கொஞ்சம் கம்மியா போனா கொஞ்சம் சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அரைப் பங்குதானேன்னு நெனச்சீங்களா? அந்த அரைப் பங்குலதான் அத்தை எல்லாமே இருக்கு! எல்லைய தாண்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உங்க உலைக்காகத்தானே சொன்னேன், எனக்காகவா?" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. என் கணவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், மெதுவாக.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அத்தை என்னை ஒரு பிடி பிடித்திருப்பார். அன்றைக்கு அந்தத் துண்டை எடுத்துத் துணியில் துடைத்தார். துடைத்த கை லேசாக நடுங்கியது. கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது அத்தனையும் சரிதான் என்றும் தோன்றியது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாலையில் பார்ப்போம் வந்தார். தாங்கியில் தலைத் துண்டுதான் இருந்தது. வால் அத்தையின் கையில். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தலையை முதலில் காட்டுவது, பிறகு வாலைப் பற்றி நானே சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் வந்தபாடில்லை. லேசரைப் போட்டேன். வட்டம் விழுந்தது. நின்றது. பார்ப்போம் கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம் மேடம்! அப்ப உலை..."

"கொஞ்சம் இருங்க," என்றார் அத்தை. "இது பாதிதான்."

தலைத் துண்டைத் தாங்கியிலிருந்து எடுத்துவிட்டு வால் துண்டைத் தானே பொருத்தினார். வட்டம் விழுந்தது. விரிந்தது. பார்ப்போமின் மலர்ந்த முகம் அதோடு சேர்ந்து வாடியது.

"இது எந்தக் கல்லு?"

"அதே கல்லுதான். வால் பக்கம்."

"அப்ப இதுவும் கெட்டுப்போச்சா?"

"நான் கெடுத்தேன்," என்றார் அத்தை. "எம் மருமக அஞ்சரைன்னு தெளிவாச் சொன்னா. நான் அவ பேச்சக் கேக்காம அஞ்சு போட்டேன். அவ கணக்கு சரி. என் கை தப்பு."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்ட அன்றுகூட, 'தப்பு' என்ற சொல்லைத் தனக்காக அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. உப்பின் மேல்தான் பழி போட்டார். இன்று மேலாளருக்கு முன்னால், தன் உலையே போகிற நேரத்தில், என் பெயரைக் காப்பாற்றுகிறார்.

பார்ப்போம் அவரையே பார்த்தார். "முதல் துண்டோட நிறுத்தியிருந்தீங்கன்னா நான் சந்தோஷமாப் போயிருப்பேனே மேடம். இதை எதுக்குக் காட்டினீங்க?"

"நீங்க முதல் துண்டோட போயிடுவீங்க. கண்ணக் காட்டிட்டுப் படுத்திருக்கறவரு எங்க போவாரு?" என்றவர், மூச்சு விடாமல் நாற்காலிக் கதையைத் தொடங்கினார். விருந்து, வராத லித்தியம் வீட்டார், இடம் மாறி உட்கார்ந்த நியோபியம், எல்லாம் வந்தது. ஏதோ பரம்பரைச் சொத்தை எடுத்து வைப்பதுபோல் அவ்வளவு உரிமையோடு சொன்னார். நான் சொன்னதில் இல்லாத ஒரு சண்டைக்கார மைத்துனரையும் சேர்த்துக்கொண்டார். அவர் வந்ததில் கதை இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

பார்ப்போமுக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நான் குறுக்கே புகுந்தேன். "சார், இப்படிப் பாருங்க. ஒரே கல்லு. ஒரே உலை, ஒரே தடவை வளந்தது. தலையில மெக்னீசியம் எல்லையத் தாண்டியிருக்கு, வட்டம் நிக்குது. வால்ல ஒரு மயிரிழையில தாண்டல, வட்டம் நிக்கல. வேற ஒரு வித்தியாசமும் கிடையாது. நாங்க உக்காந்து திட்டம் போட்டிருந்தாகூட இதைவிடத் தெளிவா நிரூபிச்சிருக்க முடியாது. அடுத்த கல்லுல வால் வரைக்கும் தாண்டிடும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்தது. அத்தை வாலைக் காட்டாமல் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

பார்ப்போம் இரண்டு துண்டுகளையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. "இந்தக் கல்லை என்ன செய்யப் போறீங்க?"

"தாண்டின வரைக்கும் வெட்டி அனுப்பிடறோம். மீதிய..." அத்தை சற்று நிறுத்தினார். "மீதிய நான் திரும்ப உருக்கிடறேன்."

என் கணவர் தாயைத் திரும்பிப் பார்த்தார். வளர்த்த கல்லை அத்தை இதுவரை உலைக்குள் திருப்பிப் போட்டதே இல்லை. விரிசல் விட்டதைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கி வைப்பார். நான்தான் தூசி தட்ட வேண்டும்.

"சரி," என்றார் மேலாளர். நாங்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். "வளருங்க. உலை எரியட்டும்." வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அந்த மைத்துனர் கடைசியில எந்த நாற்காலியில உக்காந்தாரு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் உலை அறைக்குப் போனபோது, அத்தை வால் பகுதியின் துண்டுகளைத் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு நொடி பிடித்துப் பார்த்துவிட்டு, பிளாட்டினப் பாத்திரத்துக்குள் ஓசைப்படாமல் வைத்தார். வைக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. கடைசித் துண்டும் போன பிறகு, "இங்க வா," என்றார். "பக்கத்துல நில்லு. இப்ப எவ்வளவு போடணும்?"

துண்டுகளில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்து, சேர்க்க வேண்டியதைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். தராசில் தட்டை வைத்து மெக்னீசியப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினார். எண் ஏறியது. நான் சொன்ன எண்ணைத் தொட்டது. அத்தையின் கை நிற்கவில்லை. இன்னும் ஒரு தட்டு தட்டினார்.

"அத்தை, போதும். ஒரு சிட்டிகை கூடுதலாவே விழுந்துடுச்சு." எடுப்பதற்குக் கரண்டியை நீட்டினேன்.

தட்டின் மேல் கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். "எடுக்காத. இருக்கட்டும். வான்னு கூப்பிட்டா முழு மனசோட கூப்பிடணும். நான் அரை மனசோட கூப்பிட்டேன், வந்தது பாதி வழியிலயே நின்னுடுச்சு. அதோட தப்பா அது?"

தராசைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். மெக்னீசியத்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அழறதுன்னா அந்தப் பக்கம் தள்ளி நின்னு அழு," என்றார் அத்தை. "பாத்திரத்துல உப்பு விழுந்தா அது வேற அழுக்கு."

சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே என்னிடம் நீட்டினார். அது ஏற்கெனவே நனைந்திருந்தது. உலை அறை, வியர்வையாகவும் இருக்கலாம். நான் சோதித்துப் பார்க்கவில்லை.